ஒரு பாட்டு சலிப்பதும் திரும்பி வருவதும்

கேள்வி இது: "இரண்டு வருடம் முன்பு ஒரு பாட்டை லூப்பில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது அது தொடங்கினாலே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறேன். சின்ன வயதில் அப்பா கேட்கும் பாட்டுகளைக் கிண்டல் செய்வேன். இப்போது அவற்றில் ஒன்று காதில் விழுந்தால் கண் கலங்குகிறது. இன்னொரு பாட்டைக் கேட்டால் பிரிந்துபோன ஒருவர் ஞாபகம் வருவதால் கேட்கவே முடியவில்லை. பாட்டு அதேதான். அப்படியென்றால் மாறியது என்ன? அன்றைக்குப் பிடித்தது என்று நினைத்ததெல்லாம் பொய்யா?"

பொய்யெல்லாம் இல்லை. நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தனித்தனி விஷயங்கள். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால்தான் இந்தக் குழப்பம். ஒரு பாட்டு காதுக்குப் பிடிக்கலாம். ஒரு ஆளோடோ காலத்தோடோ ஒட்டிக்கொண்டு நினைவுக்குப் பிடிக்கலாம். வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்தபிறகு, அதன் வரிகள் உறைத்துப் பிடிக்கலாம். இந்த மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒரே வேகத்தில் தேய்வதும் இல்லை. காதுக்குப் பிடித்தது வாரக்கணக்கில் ஏறி இறங்கிவிடும். நினைவுக்குப் பிடித்தது பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் கிடந்து திடீரென்று தலைதூக்கும். புரிந்தபிறகு பிடிப்பதற்கோ காலக்கணக்கே கிடையாது. பாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். பத்து வயதுப் பிள்ளைகளிடமும் அறுபது வயதுக்காரர்களிடமும் இதெல்லாம் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆராய்ச்சியாளர்களும் இதை நன்றாகவே தோண்டியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். "பாட்டு அதேதான்" என்கிறீர்களே, அது நீங்கள் நினைப்பதைவிடவே உண்மை. 1994-ல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், கல்லூரி மாணவர்களை அழைத்து அவர்களுக்கு நன்றாகப் பழகிய பாப் பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார். சுருதி எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர்களில் கணிசமானவர்கள் அசல் ஒலிப்பதிவு எந்தச் சுருதியில் இருந்ததோ அதிலேயோ, அதற்கு மிக அருகிலேயோ பாடினார்கள். அடுத்து வந்த ஆய்வில் வேகத்தையும் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான முயற்சிகளில் அசல் வேகத்துக்கும் இவர்கள் பாடிய வேகத்துக்கும் வேறுபாடு 8 சதவீதத்துக்குள்தான். சங்கீதம் படிக்காதவர் தலைக்குள்ளும் ஒரு பாட்டு அத்தனை துல்லியமாக உட்கார்ந்திருக்கிறது. ரீமிக்ஸ் கேட்டால் சிலருக்கு எரிச்சல் வருவதும், மெதுவாக ஓடும் பழைய டேப்பில் கேட்டதும் "என்னவோ இடிக்கிறதே" என்று முதல் வரியிலேயே தோன்றுவதும் இதனால்தான். ஆக, நகர்வது பாட்டு இல்லை.

சரி, லூப் பாட்டுக்கு வருவோம். கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்கிறோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றும் சொல்கிறோம். இரண்டும் உண்மை, எது முதலில் எது பிறகு என்பதுதான் கணக்கு. ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல், அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து போன்ற கோலங்கள், முன்பின் தெரியாத முகங்கள் இவற்றையெல்லாம் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றை 25 முறை வரை. அதிகம் கண்ணில் பட்டவை அதிகம் பிடித்தன. காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, வெறும் பழக்கம். மூன்று வருடம் கழித்து 1971-ல் டேனியல் பெர்லைன் அடுத்த பாதியைச் சொன்னார். பிடித்தம் ஒரு உச்சி வரை ஏறி, அப்புறம் இறங்கும். எளிமையான விஷயம் சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கும். சிக்கலானது மெதுவாக ஏறும், இறங்கவும் நாளாகும். முதல் தடவையிலேயே அள்ளிக்கொண்டு போகும் பாட்டுகள் ஒரு மாதத்தில் சலிப்பதும், முதலில் "என்ன இது, ஒட்டவே இல்லையே" என்று தோன்றியவை வருடக்கணக்கில் கூட வருவதும் இந்த வளைகோட்டில் அடங்கிவிடும்.

ஆனால் வளைகோடு, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நீங்கள் லூப்பில் கேட்டது முழுப் பாட்டை இல்லை என்பது என் ஊகம். அதில் ஏதோ ஒரு இடம் இருந்திருக்கும். முதல் சரணம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கிறது. அரைத் தாளம் மௌனம். குரல் மட்டும் தனியாக ஒரு ஸ்வரத்தில் வந்து இறங்குகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் உள்ளே வருகிறது, பல்லவி திரும்புகிறது. முதல் முறை அந்த மௌனம் உங்களைத் தூக்கிப்போடும். மூன்றாவது முறை அது வரப்போகிறது என்று தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அந்தச் சமயம்தான் பாட்டின் பொற்காலம். இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் விரல் டிரம்ஸுக்கு முன்பே மேஜையில் தட்டிவிடும். அதற்கும் பிறகு, பாட்டு அந்த இடத்துக்கு வருவதற்குள் மனம் அதைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். காத்திருக்க எதுவும் மிச்சமில்லை.

இசை தரும் உணர்ச்சியே எதிர்பார்ப்பிலிருந்துதான் பிறக்கிறது என்று லெனர்ட் மேயர் என்ற இசை அறிஞர் 1956-லேயே எழுதிவிட்டார். ஒன்று வரும் என்று எதிர்பார்க்க வைத்து, தாமதப்படுத்தி, வேறு பக்கம் திருப்பி, கடைசியில் தருவது. 2011-ல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஜடோரேயும் இதை மூளைக்குள் பார்த்தார்கள். தங்களுக்குப் புல்லரிக்க வைக்கும் இசையை ஆட்களே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். புல்லரிக்கும் அந்தக் கணத்தில் ஒரு பகுதியில் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனம் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பு, "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும்போது, வேறொரு பகுதியில் சுரந்தது. கிடைப்பதில் ஒரு சந்தோஷம், காத்திருப்பதிலேயே தனியாக இன்னொரு சந்தோஷம். லூப் முதலில் இந்தக் காத்திருப்பை வளர்க்கிறது, பிறகு அதையே தின்றுவிடுகிறது.

அப்படியானால் நன்றாகத் தெரிந்த பாட்டு எல்லாமே செத்துப்போக வேண்டுமே, ஏன் போவதில்லை? விடுகதை அப்படித்தான், விடை தெரிந்தால் முடிந்தது. பாட்டு அப்படி முடிவதில்லை. ஜாம்ஷெட் பருச்சா, ரே ஜாக்கெண்டாஃப் போன்ற ஆய்வாளர்கள் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் எதிர்பார்ப்பு இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. ஒன்று இந்தக் குறிப்பிட்ட பாட்டைத் தெரிந்துவைத்திருக்கும் அடுக்கு. இன்னொன்று, பொதுவாகப் பாட்டுகள் எப்படிப் போகும் என்ற இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் அடுக்கு. இரண்டாவதற்கு இந்தப் பாட்டைப் பற்றிய ஞாபகம் கிடையாது. எத்தனையாவது முறை கேட்டாலும், வழக்கமாக வரும் ஸ்வரத்தையே அது எதிர்பார்க்கும். வேறு ஸ்வரம் வந்தால் அசட்டுத்தனமாக மறுபடியும் அதிரும். அதனால்தான் உங்கள் பாட்டு சலித்திருக்கிறதே தவிர செத்துவிடவில்லை.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். இதைப் பலர் கவனிப்பதில்லை. கனடாவில் க்ளென் ஷெல்லன்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட சோதனையில் ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் இசையைக் கவனமாகக் கேட்க வேண்டும். இன்னொரு சாராருக்குக் கவனம் வேறு வேலையில். இசை பின்னணியில் ஓடும். கவனித்துக் கேட்டவர்களுக்குப் பிடித்தம் ஏறி, அப்புறம் இறங்கியது. பின்னணியில் கேட்டவர்களுக்கு இறங்கவே இல்லை, கேட்ட அளவுக்கு ஏறிக்கொண்டே போனது. ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, ஒவ்வொரு ஒலியையும் உறிஞ்சிக் கேட்பதுதான் ஒரு பாட்டைச் சீக்கிரம் சலிக்கவைக்கும் வழி. இந்த முடிவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் பாட்டுக்கும் இது வேண்டும்.

லூப் பாட்டு திரும்பி வருமா? பெரும்பாலும் வரும். இடைவெளி விட்டால் போதும். ஆனால் நாம் விடமாட்டோம். லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் 2008-ல் காட்டியது இதைத்தான். இனிமையான ஒரு அனுபவத்தின் நடுவில் இடைவெளி வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் இடைவெளி விட்டவர்களுக்குத்தான் அது அதிகம் இனித்தது. சும்மா நாள் கடத்துவதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. பிடித்த பாடகர் சலித்துப்போனவர்களிடம், இடைப்பட்ட நாட்களில் கேட்ட மற்ற பாடகர்களை நினைத்துப் பார்க்கச் சொன்னால் அந்தச் சலிப்பு சீக்கிரம் விலகுகிறது என்று 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. சலிப்பில் பாதி, "இதையேதானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற எண்ணம்தான் போலிருக்கிறது. நான் மாணவர்களுக்குச் சொல்வது இன்னும் எளிது: சலித்த பாட்டில் இதுவரை கவனிக்காத ஒரு வாத்தியத்தை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் பேஸ் கிட்டார் முதல் சரணத்தில் போன வழியில் போகாது. பின்னணியில் ஹம்மிங் செய்யும் குரல் ஒரு இடத்தில் பிரதான மெட்டைவிட்டு இறங்கித் தனி வழியில் போகும். பாட்டின் முகத்தை மட்டும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது கைகொடுக்கும். உள்ளே எதுவுமே இல்லாத பாட்டுகளும் உண்டு. அவற்றுக்கு இது உதவாது, அவை சலித்ததில் ஒரு நஷ்டமும் இல்லை.

எந்தப் பாட்டுகள் நீண்ட நாள் தாங்கும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கான்ராடின் குழு, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவந்த 204 பேரை விசாரித்தது. பாட்டுகள் தானாகவே மூன்று வகையாகப் பிரிந்தன: குஷியானவை, அமைதியானவை, இன்பமும் துயரமும் கலந்தவை. அதிகத் தடவை கேட்கப்பட்டவை, ஆழமாக ஒட்டிக்கொண்டவை எல்லாம் மூன்றாவது வகை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. குஷிப் பாட்டு ஒன்றைத்தான் சொல்கிறது. கலவையான பாட்டு, நாம் எந்த மனநிலையில் போனாலும் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டும்.

இனி அப்பாவின் பாட்டு. இதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், அன்றைக்கு அது உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இசையாகவே இருக்காது. பதினான்கு பதினைந்து வயதில் ஒருவர் என்ன பாட்டு கேட்கிறார் என்பது அவர் யாருடைய ஆள் என்று ஊருக்குச் சொல்வது. நண்பர்கள் கேட்பதைக் கேட்க வேண்டும், வீட்டுப் பெரியவர்கள் கேட்பதைக் கேட்கக் கூடாது. அந்த வயதில் "இந்தப் பாட்டு பிடிக்கவில்லை" என்றால் "இதைக் கேட்பவர்களில் நான் ஒருவன் இல்லை" என்றுதான் பெரும்பாலும் பொருள். வயது ஏறினால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்போதுதான் மெட்டு முதல்முறையாகக் காதுக்குள் நேராக வருகிறது.

ஆனால் அது புது மெட்டு இல்லை. வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது நீங்கள் விளையாடிக்கொண்டோ, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டோ, எரிச்சலோடு கதவைச் சாத்திக்கொண்டோ இருந்திருப்பீர்கள். கவனிக்கவில்லை. மேலே சொன்ன சோதனையில் பிடித்தம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனது எவருக்கு? கவனிக்காமல் கேட்டவர்களுக்கு. அந்தப் பாட்டு உங்களுக்குள் சலிப்பின் பக்கமே போகாமல் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கிறது. 2013-ல் கேரல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் இருபது வயது சுமாரான கல்லூரி மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் பிடித்ததில் அதிசயம் இல்லை. ஆனால் 1980-களின் தொடக்கப் பாட்டுகளிலும் இன்னொரு மேடு தெரிந்தது. அந்த மாணவர்கள் பிறப்பதற்கு வெகு முன்பு வந்தவை அவை. அவர்களுடைய அப்பா அம்மாவின் இளமைக்காலப் பாட்டுகள். பெற்றோர் இருபது வயதில் காதலித்த மெட்டுகள், பிள்ளை வளர்ந்த வீட்டில் ஓடி, பிள்ளையின் நினைவாகவும் ஆகிவிட்டன.

பெற்றோருக்கு ஏன் அந்த வயதுப் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது? அது எல்லோருக்கும் உள்ளதுதான். 1989-ல் மோரிஸ் ஹோல்புருக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 16 வயது முதல் 86 வயது வரையிலான 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரை வந்த 28 பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 23, 24 வயது இருந்தபோது வெளிவந்த பாட்டுகளே அவருக்கு அதிகம் பிடித்திருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த உச்சி பதின்ம வயதுக்கும் நகர்ந்தது. எண்ணைப் பற்றி நான் சண்டை போடமாட்டேன். பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் என்று எடுத்துக்கொண்டால் போதும். முதல் நட்பு, முதல் காதல், முதல் முறை வீட்டை விட்டு வெளியே தங்குவது என்று எல்லா 'முதல்'களும் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் நெருக்கியடித்து வருகின்றன. ஒரு நாளில் அதிக நேரம் பாட்டு கேட்பதும் அப்போதுதான். முப்பத்தைந்து வயதில் ஒரு நல்ல பாட்டு வந்தால் அது ஒட்டிக்கொள்ள அத்தனை புது அனுபவம் இருப்பதில்லை, பாவம்.

"இப்பல்லாம் எங்க நல்ல பாட்டு வருது" என்ற புலம்பலுக்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, சல்லடை. நம் இளமைக்காலத்து மோசமான பாட்டுகளைக் காலம் சலித்து எறிந்துவிட்டது. மிஞ்சிய முப்பது நாற்பது முத்துகளை, இந்த வாரம் வந்த எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறோம். அது என்ன நியாயம்? ஒவ்வொரு தலைமுறையும் இதே புலம்பலை இதே குரலில் பாடியிருக்கிறது. அந்த ஒரு பாட்டு மட்டும் யாருக்கும் சலிப்பதில்லை.

கண் கலங்குவதற்கு வருவோம். 2009-ல் பீட்டர் ஜனாட்டா, ஆட்களின் சிறுவயதுக் காலத்துப் பாட்டுகளைப் போட்டு மூளையைப் படம்பிடித்தார். ஒரு பாட்டு சொந்த வாழ்க்கையின் நினைவை எழுப்பும்போது, நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் ஒரு இடம் அதிகம் வேலை செய்தது. அதே இடம் பாட்டின் ஸ்வர நகர்வையும் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. மெட்டும் நம்மைப் பற்றிய நினைவும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன. அதனால்தான் நினைவு ஒரு தகவலாக வருவதில்லை. "அப்பா இந்தப் பாட்டு கேட்பார்" என்று மட்டும் நினைவு வந்தால் யாரும் அழமாட்டார்கள். மெட்டு ஓட ஓட, அந்த அறையின் வெளிச்சம், அவர் ஒரு வரியை மட்டும் சுருதி தப்பிக் கூடப் பாடியது, அது உங்களுக்கு எரிச்சலாக இருந்தது எல்லாம் சேர்ந்து வருகிறது.

எல்லாப் பாட்டும் இதைச் செய்யாது என்பதையும் கவனியுங்கள். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டை வாழ்நாள் முழுக்கக் கேட்கிறோம். அதைக் கேட்டால் எந்தப் பிறந்தநாளாவது தனியாக ஞாபகம் வருகிறதா? வராது. ஒரே தூண்டுதலோடு பல நினைவுகள் சேர்ந்துவிட்டால், அதில் எதையும் அது தெளிவாக எழுப்பாது என்பது நினைவாற்றல் ஆய்வில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஒரு காலத்தில் மட்டும் கேட்டு, அப்புறம் காணாமல்போன பாட்டுக்குத்தான் அந்தக் காலத்தை அப்படியே திறக்கும் சக்தி இருக்கிறது. ஆகவே ஒரு எச்சரிக்கை. அப்பாவின் பாட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையும் லூப்பில் போட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போகும்போது, குளிக்கும்போது, சமைக்கும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நாலைந்து மாதத்தில் அது இந்த வருடத்துப் பாட்டாகிவிடும். மெட்டு இருக்கும், அந்த அறை மங்கிவிடும். ஒரு பாட்டை அதன் இசைக்காகக் கேட்பதானால் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். நினைவுக்காக வைத்துக்கொள்வதானால் அரிதாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே பாட்டில் நெடுநாள் நடக்காது.

இதை இருநூற்றைம்பது வருடம் முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வேற்று நாட்டுப் படைகளில் கூலிக்குச் சிப்பாய்களாகப் போவார்கள். தங்கள் ஊர் மலைகளில் மாடு மேய்ப்பவர்கள் இசைக்கும் ஒரு மெட்டைக் கேட்டால் அவர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடிப்போவார்கள், அதனால் அதை வாசிக்கவே தடை இருந்தது என்று ஒரு பேச்சு. தத்துவவாதி ரூசோ, 1768-ல் வந்த தன் இசை அகராதியில் இதைச் சொல்லிவிட்டு, அந்த மெட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடினார். ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது எதுவுமே செய்யவில்லை. அங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவர் முடிவு. அதோடு நிற்கவில்லை, மெட்டு மாறாமல் இருந்தும், இப்போது சுவிஸ்காரர்களிடமே அது முன்போல் வேலை செய்வதில்லை, ஏனென்றால் அவர்களுடைய பழைய வாழ்க்கை மாறிவிட்டது என்றும் எழுதினார். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பழைய பதில் ஒன்றை நான் படித்ததில்லை.

நினைவு ஒட்டாமலேயே, வயதால் மட்டும் திறக்கும் பாட்டுகளும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு இரங்கல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் சுத்தமாகப் பாடும். சுருதி நிற்கும், கமகம் சரியாக விழும், வரி ஒவ்வொன்றும் மனப்பாடம். ஆனால் "இனி எங்கே காண்பேன்" என்பது போன்ற ஒரு இடத்தில் அந்தப் பிள்ளை மூச்சு எடுக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், அதற்கு இது வெறும் ஒலி. அடுத்த அடிக்கு ஓட வேண்டிய அவசரம். அதே பிள்ளை வளர்ந்து, யாரையோ இழந்தபின் வந்து அதே பாட்டைப் பாடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கவும் முடியாது. கேட்பவர்களுக்கும் இதேதான். பத்து வயதில் வரிகள் மெட்டைத் தூக்கிவரும் ஒலிகள். நாற்பதில், அதே வரி நம்மைப் பார்த்துச் சொன்னது போல உறைக்கிறது.

பாடகரின் வயதும் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. ஒலிப்பதிவில் இருக்கும் குரலுக்கு வயது ஏறாது. இருபத்தெட்டு வயதில் ஒருவர் பாடிய பாட்டைப் பத்து வயதில் கேட்டால் அது ஒரு பெரியவரின் குரல். முப்பதில் கேட்டால் நம் வயதுக்காரர். ஐம்பதில் கேட்டால், எதுவும் தெரியாமல் இத்தனை நம்பிக்கையோடு பாடுகிறானே இந்தப் பையன் என்று பரிதாபம் வருகிறது. அன்றைக்குக் கம்பீரமாகத் தெரிந்த அதே இழுப்பு, இன்றைக்கு இளமையின் துடுக்காகத் தெரிகிறது. என்னைக் கேட்டால் காதல் பாட்டுகளில்தான் இது அதிகம்.

காதுக்கும் வயதாகிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வயது ஏற ஏற மேல்ஸ்தாயி அலைவரிசைகள் முதலில் மங்கும். சிம்பலின் மினுமினுப்பு, வரிகளில் ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் குறைந்து கேட்கும். புதுப் பாட்டில் வார்த்தையே புரியவில்லை என்று பெரியவர்கள் சொல்வது சில சமயம் விமர்சனம் இல்லை, செவியின் நிலவரம். பழைய பாட்டில் இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் கேட்காததை நினைவு நிரப்பிவிடும்.

துக்கப் பாட்டு ஏன் இனிக்கிறது என்பதையும் நீங்கள் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2014-ல் லிலா டாரூஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 772 பேரிடம் கேட்டார்கள். சோகமான இசை எழுப்பும் உணர்ச்சிகளில் அடிக்கடி வந்தது சோகம் இல்லை, கடந்துபோனதை எண்ணி ஏங்குவது. உண்மையான துக்கத்தில் ஏதாவது செய்தாக வேண்டும், முடிவெடுக்க வேண்டும், ஆட்களைப் பார்க்க வேண்டும். பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. உணர்ச்சி மட்டும் வரும், பொறுப்பு வராது. கண் கலங்கினாலும் மறுபடியும் போடத் தோன்றுவது அதனால்தான்.

மூன்றாவது பாட்டு, பிரிந்தவரை நினைவூட்டுவது. இதில் சலிப்புக்கு வேலையே இல்லை. பிடித்த பாட்டை அலாரமாக வைத்துக் கெடுத்துக்கொண்டவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு அலுத்துப்போனதால் வெறுக்கவில்லை. தூக்கம் கலையும் எரிச்சல் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் உங்களுக்கும் ஒரு ஆளின் வலி ஒரு மெட்டின்மேல் ஒட்டியிருக்கிறது. இப்படி ஒட்டிய விருப்பு வெறுப்புகள் பிடிவாதமானவை. கேட்டுக் கேட்டே மரத்துப்போகச் செய்துவிடலாம் என்று சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தனியாக, இரவில், அதே மனநிலையில் கேட்டால் பழைய ஒட்டின்மேல் இன்னொரு பூச்சு ஏறுவதுதான் மிச்சம்.

வேறு அனுபவம் சேர்ந்தால்தான் மாறும். மேலே சொன்ன பிறந்தநாள் பாட்டின் கணக்கை இங்கே தலைகீழாகப் பயன்படுத்துங்கள். நினைவைக் காப்பாற்ற வேண்டுமானால் அரிதாகக் கேட்கச் சொன்னேன். நினைவை மங்கவைக்க வேண்டுமானால் பல இடங்களில், பல வேலைகளுக்கு நடுவில், வேறு ஆட்களோடு கேட்க வேண்டும், காயம் கொஞ்சம் ஆறிய பிறகு. முதலில் அசலைத் தொட வேண்டாம். வேறு யாராவது பாடிய வடிவம், இல்லை வெறும் வாத்தியத்தில் வாசித்தது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். அசல் பதிவின் குரல், சுருதி, வேகம் எல்லாம் எத்தனை துல்லியமாக மனதில் இருக்கின்றன என்று பார்த்தோம். அவை மாறியிருந்தால் நினைவும் அத்தனை சுருக்காகத் திறக்காது. பாட வருமானால் நீங்களே பாடிப் பாருங்கள். கேட்பவராக இருக்கும்வரை பாட்டு உங்களை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப்போகும். பாடும்போது அடுத்த வரி, மூச்சு, சுருதி என்று கவனிக்க ஆயிரம் இருக்கிறது, அழ நேரம் கிடைக்காது.

அது முன்போலவே பிடிக்குமா என்றால் உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு, வலி போனபின் பார்த்தால் மெட்டு சாதாரணமாக இருக்கும், இதற்கா இத்தனை என்று தோன்றும். சிலருக்கு நல்ல பாட்டு ஒன்று திரும்பக் கிடைக்கும். அதுவரை அதை அழிக்க வேண்டாம், பிளேலிஸ்டிலிருந்து மட்டும் எடுத்துத் தனியாக வையுங்கள். நீங்களாகப் போடும் பாட்டுக்கு மனம் தயாராக இருக்கும். ஷஃபிளில் இரண்டு குஷிப் பாட்டுகளுக்கு நடுவே அது தானாக வந்து நிற்பதுதான் ஆளை அடித்துப்போடும்.